எருக்கலங்குடியில் கலங்கியவர்கள்

எருக்கலங்குடியில் முதன்முதலாகக் கலங்கிப்போனவர் மாப்பிள்ளையின் பெரியப்பா பிச்சுமணி. ஆவணி மாதத்து இரண்டாவது முகூர்த்தத்தன்று காலை ஏழேகால் மணிக்கு, கெட்டிமேளம் முழங்கி எல்லோர் கையிலிருந்தும் அட்சதை பறந்துகொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது. மண்டபத்தில் இருந்த நானூறு பேரில் ஒருவர்கூட அதை அதிசயம் என்று நினைக்கவில்லை, ஓமப்புகை அவர் முகத்தில் அடிக்கிறது என்றுதான் நினைத்தார்கள்.

"பெரியப்பா, இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, புகை பூரா உங்க மேலதான் வருது" என்றாள் ஒரு பெண்.

அவர் தள்ளி நின்றார். புகை வேறு பக்கம் போனது, முகம் மட்டும் தெளியவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் அவரோடு பேசத் திரும்பி, கண் எங்கே வாய் எங்கே என்று பிடிபடாமல், கடைசியில் அவருடைய இலையிலிருந்த அப்பளத்தைப் பார்த்துப் பேசிவிட்டு எழுந்துபோனார். சாயங்காலம் அவர் வேட்டியை மாற்றினார், மாற்றிய வேட்டியும் இடுப்பில் ஏறிய மாத்திரத்தில் கலங்கியது. குளத்தில் கல் விழுந்ததும் உள்ளே தெரிகிற முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருந்தார் பிச்சுமணி, ஆனால் நீர் அடங்கவேயில்லை.

படம் எடுத்தவன் தவசிலிங்கம். முப்பத்தொரு வயது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் ஸ்டுடியோ. எட்டு வருஷம் அடுத்தவர் ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்து நின்றவன், ஒருவழியாக யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற மிர்ரர்லெஸ் கேமரா ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டான். ஆனால் அந்தக் கேமராவுக்கு அதே கம்பெனி செய்த லென்ஸ் கேமராவைவிட விலை அதிகமாக இருந்தது. ஆகவே யாருக்கும் பெயர் சொல்ல வாய் வராத ஒரு சீனக் கம்பெனியின் லென்ஸை, விலை மலிவு என்பதற்காக, ஆன்லைனில் வரவழைத்தான். இரும்பால் செய்த குழவிக்கல் மாதிரி கனத்தது அது. மோட்டார் கிடையாது, தானாக எதையும் தேடாது, வளையத்தைக் கையால் திருப்பித்தான் முகத்தைத் தெளிவாக்க வேண்டும். கேமராவுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மாட்டியதும் 'லென்ஸ் இல்லை' என்று கேமரா எழுதிக் காட்டும், லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை படம் எடு என்று மெனுவுக்குள் போய் அதற்கு உத்தரவு கொடுக்க வேண்டும். வெளிச்சம் நுழைகிற துவாரத்தைத் திறக்கவும் சுருக்கவும் இன்னொரு வளையம், முழுவதும் திறந்தால் அதில் பூஜ்யம் புள்ளி ஒன்பது ஐந்து என்று எண் வரும். அவ்வளவு திறந்தால் கண்ணிமை தெளிவாக இருக்கும், காது கலங்கிவிடும். தெளிவு விழுகிற இடத்தில் திரையில் சிவப்புக் கோடு ஓடும். அந்தக் கோட்டை ஒரு இமையிலிருந்து மறு இமைக்கு நகர்த்த நகத்தளவு திருப்பினால் போதும், அந்த நகத்தளவில் தவசி ஆறு மாதம் பூவையும் பொம்மையையும் எடுத்துப் பழகி மன்னனாகியிருந்தான்.

தாலி கட்டும்போது ஒரே ஒரு படத்துக்கு லென்ஸை முழுவதும் திறந்து மணப்பெண்ணின் கண்ணில் கோட்டை வைத்தான். படத்துக்குள் அவள் முகத்தைத் தவிர, பின்னால் நின்ற பிச்சுமணி மட்டும்தான் இருந்தார். அவ்வளவுதான் நடந்தது. மணப்பெண்ணின் இடது காதுகூட அன்றிலிருந்து சற்றுக் கலங்கித்தான் இருக்கிறது, அவள் முடியை இழுத்துவிட்டுச் சமாளித்துக்கொள்கிறாள்.

நடந்தது தன் லென்ஸால்தான் என்று தவசிக்கு அன்றைக்கே புரிந்தது. துவாரத்தை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கி எடுத்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் புரிந்தது. மனைவி முத்தரசியிடம் மட்டும் சொன்னான்.

"அதைத் தூக்கிக் குளத்துல போடுங்க" என்றாள் அவள்.

"வேற லென்ஸ் நம்மால வாங்க முடியாது தாயி. சுருக்கி வச்சு எடுத்தா ஒண்ணும் செய்யாது."

"அப்ப என்னைய மட்டும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

பிச்சுமணிக்கு வலி ஒன்றும் இல்லை. வலி பார்க்கிறவர்களுக்குத்தான். அவரைப் பார்த்தால் கண் வலித்தது, பெரிய வலி இல்லை, ஓடுகிற பஸ்ஸில் பேப்பர் படித்தால் வருமே அந்த அளவு. அதனால் பார்ப்பதைக் குறைத்தார்கள். குறைத்ததை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அவர் மனைவி பத்து நாள் எதிரே உட்கார்ந்து சோறு போட்டாள், பதினோராம் நாள் தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். டீக்கடையில் அவர் கேட்ட டீ அவருக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. பூர்வீக நிலத்தைப் பிரிக்க ஏழு வருஷமாகக் கையெழுத்துப் போட மறுத்துவந்த மனிதர் அவர். பத்திரப் பதிவில் முகத்தைப் படம் பிடிக்கிற பெட்டி மூன்று முறை 'முகம் தெரியவில்லை' என்று சொல்லிவிட, அங்கிருந்தவர்கள் அவரைத் தாண்டிப் பார்த்து அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். நிலம் அவர் இல்லாமலே பிரிந்தது. அவருடைய தம்பி மகன்கள் தவசிக்கு ஒரு பெட்டி அல்வா கொடுத்தனுப்பினார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் பிச்சுமணி ஸ்டுடியோ படியேறி வந்தார்.

"திருப்பி எடுத்துப் பாருடே. இந்தத் தடவ என் மேலயே வச்சு எடு."

தவசி அவரை நாற்காலியில் உட்காரவைத்து வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பினான். சிவப்புக் கோடு நாற்காலியின் கைப்பிடியில் ஓடியது, பின்னால் தொங்கிய நாட்காட்டியின் ஆணியில் ஓடியது, அவர் மேல் மட்டும் ஓடவில்லை. கோடு பிடிக்க அவரிடம் விளிம்பே இல்லை. நாற்பது நிமிஷம் திருப்பினான்.

"வரல அண்ணாச்சி."

"வலிக்குதாடே உனக்கு? முகத்தைத் திருப்பிக்கிட்டுப் பேசுத."

"இல்ல அண்ணாச்சி" என்றான் தவசி, நாட்காட்டியைப் பார்த்தபடி.

அவர் போலீஸுக்குப் போனார். வந்திருந்த புது எஸ்.ஐ. நேர்மையானவர், படத்தையே வரவழைத்துக் கம்ப்யூட்டரில் போட்டு அதன் உள்விவரங்களை வாசித்தார். நேரம் இருந்தது, தேதி இருந்தது, லென்ஸ் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று இருந்தது. "லென்ஸே இல்லைன்னு கேமராவே சொல்லுது, எந்த லென்ஸ் மேல நான் கேஸ் போட?" என்று அவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார், கேட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

அல்வா கொடுத்தனுப்பிய செய்தி பரவியபிறகுதான் ஊர் இதன் பயனைக் கண்டுபிடித்தது. முதலில் வந்தவர்கள் கூச்சத்தோடு வந்தார்கள், சும்மா ஒரு போட்டோ என்றார்கள், யாரை எடுக்க வேண்டுமோ அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தங்கையைப் பெண் பார்க்க வரும்போதெல்லாம் குறுக்கே தெரிந்த, கல்யாணமாகாத அக்கா ஒருத்தி கலங்கினாள். ரைஸ்மில் பெல்ட்டில் விரல் போனதைக் கலெக்டர் வரைக்கும் எழுதிப்போட்ட கூலிக்காரர் கலங்கினார். ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டிருந்த மாமியார் கலங்கினாள், இருமல் நிற்கவில்லை, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டிய கட்டாயம் நின்றது. தவசி முதல் ஆளுக்கு மறுத்தான், இரண்டாம் ஆளுக்கு யோசித்தான், மூன்றாம் ஆளுக்கு லென்ஸைத் திறந்தான். தை பிறப்பதற்குள் பதினோரு பேர் கலங்கியிருந்தார்கள். பதினோரு பேரும் உயிரோடு, பசியோடு, பேசிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ஊர் அவர்களுக்கு வழிவிட்டு, அவர்கள் வருகிற பக்கம் குனிந்துகொண்டு, தன் வேலையைப் பார்த்தது. ஊர்க்கூட்டத்தில் அவர்கள் கை தூக்கினால் எண்ணுவதா வேண்டாமா என்று ஒரு முறை கேள்வி வந்தது, எண்ணப் பார்த்தார்கள், கண் வலித்தது, விட்டுவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்களிடம் எருக்கலங்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள்: "எங்க ஊர்ல இப்ப வெட்டுக்குத்தே கிடையாது, பாத்துக்கிடுங்க."

மாசி மாதம் ஒரு மத்தியானம் ரைஸ்மில் வீரபாகு தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தார். ஊரின் இரண்டு மண்டபங்களும் அவருடையவை, ஆகவே அவர் வந்தால் தவசி எழுந்து நிற்பது வழக்கம். அவர் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"மூத்த பிள்ளைய ஒரு படம் எடுக்கணும்டே."

"வரச் சொல்லுங்கய்யா. என்ன மாதிரி?"

"என்ன மாதிரின்னு உனக்குத் தெரியாதாக்கும்."

மூத்தவள் ஹேமலதா மருந்தியல் படித்தவள். படித்த இடத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற எபனேசரோடு பழகி, அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் நின்றுகொண்டிருந்தாள். எபனேசரும் இதே ஊர்தான், ஆனால் ஓடைத்தெரு. ஓடைத்தெருக்காரர்கள் வீரபாகு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் முடிந்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை, அது முடிந்ததில் வீரபாகுவுக்கு இன்னமும் சம்மதமில்லை.

"அவ அண்ணன் அருவாளத் தீட்டி வச்சிட்டான்" என்றார் வீரபாகு. "நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கேன். பெத்த பிள்ளைய வெட்டிப்போட நான் என்ன காட்டுமிராண்டியா? சின்னவ சுகன்யாவுக்கு வைகாசியில கல்யாணம் வச்சிருக்கோம். அதுக்குள்ள இது ஒரு முடிவுக்கு வரணும். ஊருக்கு ஒரு நல்ல வழி கொண்டுவந்திருக்க நீ. அந்த வழியில போவோம்."

"திருப்ப முடியாதுங்கய்யா. ஒருக்கா கலங்கினா கலங்கினதுதான்."

"திருப்பணும்னு யாருடே சொன்னா?"

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அம்மாவும் அண்ணனும் ஹேமலதாவைக் கூட்டிவந்தார்கள். மயில்நீலப் பட்டு கட்டியிருந்தாள். அம்மா அவளை ஸ்டூலில் உட்காரவைத்துக் கொசுவத்தைச் சரிசெய்தாள், தலையில் பூவை இறக்கி வைத்தாள், கைப்பையிலிருந்து பவுடரை எடுத்து மகளின் நெற்றியிலும் மூக்கிலும் ஒற்றினாள்.

"எதுக்கும்மா பவுடர்? யாரு பாக்கப்போறா?"

"சும்மா இரு. படம்னா லட்சணமா இருக்கணும்" என்றாள் அம்மா, ஒற்றிக்கொண்டே.

அண்ணன் கதவருகே நின்றான். தவசி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். திரையில் ஹேமலதாவின் இமைமுடி ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு ஓடியது, அவ்வளவு தெளிவாக ஒரு முகத்தை அவன் அதுவரை பிடித்ததில்லை. அவள் உதடு அசையாமல் மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, உங்க கையிலதான் இருக்கு. கண்ணுலயே வச்சு எடுத்திருங்க. லென்ஸு கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. அவுகளுக்கு என்ன தெரியும்?"

அவள் சொன்னது சரி. அவர்களுக்கு எதுவும் தெரியாது. தவசி ஒரு மூச்சு நேரம் அப்படியே பிடித்திருந்தான். அந்த மூச்சு நேரத்தில் அண்ணனுடைய அரிவாளை நினைத்தான், கலங்கினால் இவள் உயிரோடாவது இருப்பாள் என்று நினைத்தான். கூடவே இரண்டு மண்டபங்களையும், வரப்போகிற வைகாசியையும் நினைத்தான். எதை முதலில் நினைத்தான் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவனுக்குப் பிடிபட்டதில்லை. ஆள்காட்டி விரல் நகத்தளவு நகர்ந்தது. சிவப்புக் கோடு இமையை விட்டு இறங்கிக் காதுக்குப் போனது, காதிலிருந்து பூவுக்குப் போனது, பூவிலிருந்து பின்னால் தொங்கிய திரைச்சீலையின் மடிப்புக்குப் போய் நின்றது. விரல் நகர்ந்ததை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள் அம்மா. மகளைத் திரும்பிப் பார்த்தாள், உடனே முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "எரியுது" என்றாள். அண்ணன் வந்து தங்கையின் கையை மிகவும் பதமாகப் பிடித்து, ஒவ்வொரு படியாகச் சொல்லிச்சொல்லி இறக்கிக் கூட்டிப்போனான், பார்வை போனது அவளுக்குத்தான் என்பதுபோல.

மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக் கதவை அவர்கள் பூட்டவில்லை. ஹேமலதா பட்டப்பகலில், சந்தை கூடியிருந்த நேரத்தில், கடைவீதி வழியாக நடந்து ஓடைத்தெருவுக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. இன்னாருடைய மகள் இன்னார் வீட்டுக்குப் போகிறாள் என்று கண்டு சொல்ல யாருக்கும் கண் நிற்கவில்லை, கண்ணில் படாத அவமானம் அவமானமாகாது என்று ஊர் அமைதியாக இருந்தது. பெற்ற மகளைப் போக விட்டாரே, வீரபாகுவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

எபனேசருக்கும் கண் வலித்தது. மற்றவர்களுக்கு வலித்த அதே வலிதான், குறைவில்லை. அவன் பார்த்தான். சாப்பிடும்போது பார்த்தான், பேசும்போது பார்த்தான், அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் கேட்டுக்கேட்டுப் பார்த்தான். கண் சிவந்து நீர் வடிந்தது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அவனைப் பெற்றவள் மருமகளுக்குக் குறை வைக்கவில்லை, தட்டை மட்டும் சுவரைப் பார்த்து நீட்டினாள்.

பங்குனியில் எபனேசர் ஸ்டுடியோவுக்கு வந்தான். தவசி மேசைக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"அடிக்க வரல" என்றான் எபனேசர். "ஒரே ஒரு தடவ வீட்டுக்கு வந்து அவளப் பாத்துட்டுப் போங்க. செஞ்சத நீங்க பாக்கணும்னு அவ சொல்லுதா."

"வாரேன்" என்றான் தவசி.

போகவில்லை. நாலைந்து தடவை ஓடைத்தெரு முனைவரை போய்த் திரும்பினான். திருப்ப முடியாத ஒன்றைத் திருப்பத் தனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான் என்று நினைத்தான், அந்த வேலையை வைகாசிக்கு வைத்துக்கொண்டான்.

சுகன்யாவின் கல்யாணத்தில் மேடை நிறையப் பிளாஸ்டிக் பூவும், மேடைக்கு முன்னால் துதிக்கையில் மாலையோடு ஒரு பிளாஸ்டிக் யானையும் நின்றன. தாலி கட்டி முடிந்தது, எல்லாப் படத்தையும் தவசி எட்டில் வைத்து எடுத்துக் கொடுத்தான். பிறகு, "சின்னப் பிள்ளைகளும் பொண்ணு மாப்பிள்ளையும் கொஞ்சம் இறங்குங்க. பெரியவுக மட்டும் ஒரு படம்" என்றான். வீரபாகு நடுவில் நின்றார், ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மகன், அவர்களை ஒட்டி மண்டபக் கமிட்டித் தலைவர், வியாபாரிகள் சங்கத்துக்காரர் என்று ஒன்பது பேர். தவசி லென்ஸைக் கடைசிவரை திறந்தான். சிவப்புக் கோட்டைக் கொண்டுபோய் யானையின் கண்ணில் வைத்தான். படத்தை எடுத்தான்.

ஒன்பது பேரும் ஒரே கணத்தில் கலங்கினார்கள். நாதஸ்வரம் நின்றது. வீரபாகு தன் கையைத் தூக்கிப் பார்த்தார், கை ஒரு வெள்ளைத் திட்டாக அலைந்தது. தவசி கேமராவைப் பையில் வைத்து, பையைத் தரையில் வைத்து, அடி விழட்டும் என்று நின்றான். இனி இந்த மனிதருக்கும் டீ பின்னால் வருகிறவருக்குப் போகும், இவர் பெயரையும் தாண்டி அடுத்தவரைக் கூப்பிடுவார்கள் என்று அவன் நினைத்தான்.

அப்போது சமையல் காண்ட்ராக்டர் மேடையேறி வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து, நிமிர்ந்து, வீரபாகுவின் முகம் இருந்த இடத்தை நேராகப் பார்த்து, "அய்யா, பந்தி ஆரம்பிக்கலாமா?" என்றார். இமைக்கவில்லை. கண்ணைக் கசக்கவில்லை. "ஆரம்பிப்பா" என்றார் வீரபாகு. அடுத்து ஒருவர் வந்து கை குலுக்கினார், அடுத்து ஒருவர் காலில் விழுந்தார், விழுந்து எழுந்து முகத்தைப் பார்த்துச் சிரித்தார். முதல் பந்தி முடிவதற்குள் அய்யாவுக்கு ஒரு களை வந்திருக்கிறது என்று பேச்சு எழுந்தது. இரண்டாம் பந்தி முடிவதற்குள், முகம் இன்னதென்று பிடிபடாமல் இருப்பதுதான் பெரிய மனிதருக்கு அழகு என்று முடிவாயிற்று. ஒன்பது பேரையும் நானூறு பேரும் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள், ஒருவருக்கும் கண் வலிக்கவில்லை. வலிக்கும் என்று தவசியும் பார்த்தான். அவனுக்கும் வலிக்கவில்லை. மண்டப வாசலில், இலை எடுக்கிற இடத்தில், பிச்சுமணி தனக்கும் ஒரு இலை போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் பார்த்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

மறுநாள் வீரபாகு வீட்டிலிருந்து ஒரு வாழைத்தாரும் முத்தரசிக்கு ஒரு பட்டுச்சேலையும் வந்தன. "நல்லா எடுத்திருக்கே. பாங்குலயிருந்து மேனேஜரே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போறான்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அதற்கடுத்த நாள் காலையில் மருந்துக்கடைப் படியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரிசை நின்றது. நெல் வியாபாரிகள், வட்டிக்கடைக்காரர்கள், கவுன்சிலர், கவுன்சிலரின் மச்சான், எல்லோரும் வெள்ளையும் சள்ளையுமாக, எங்களையும் அய்யா மாதிரி ஆக்கு என்று நின்றார்கள்.

தவசி வீட்டுக்குப் போய், லென்ஸை அம்மியில் வைத்துக் குழவியால் இடித்தான். முன்கண்ணாடி முதல் இடியில் போனது, இரும்பு நசுங்க நேரமாயிற்று. முத்தரசி பக்கத்தில் நின்று, கண்ணாடித் தூளைக் காகிதத்தில் கூட்டி அள்ளினாள். லென்ஸ் உடைந்துவிட்டது என்று அவன் வரிசையிடம் போய்ச் சொன்னபோது யாரும் கோபப்படவில்லை. "எந்தக் கம்பெனின்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்று நெல் வியாபாரி செல்போனை நீட்டினார். மலிவான சாமான்தானே. அடுத்த வாரம் கூரியரில் ஐந்து வந்தன, அதற்கடுத்த வாரம் முப்பது. வாங்கியவர்களுக்கு வளையத்தைத் திருப்பத் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, கலங்கடிக்கத் திறமை எதற்கு. வசதியுள்ளவர்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள், பிறகு வேலைக்காரர்களையும் விதவைத் தங்கைகளையும் எடுத்தார்கள். ஒரே தெருவில் ஒரே மாதிரி கலங்கிய இரண்டு பேர் எதிரெதிரே வந்தால், எவரைப் பார்க்க வேண்டும் எவருக்குக் கண் வலிக்க வேண்டும் என்பதில் எருக்கலங்குடியில் ஒரு குழந்தைக்குக்கூடக் குழப்பம் வந்ததில்லை.

ஆடி மாதம் எபனேசரின் வேலை போனது. இவ்வளவு சிவந்த கண்ணோடு ஆம்புலன்ஸ் ஓட்டக் கூடாது, எதைப் பார்த்துக் கண் இப்படி ஆகிறதோ அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வா என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் நிறுத்தவில்லை. ஊரில் வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை. திருப்பூருக்குப் போய்விடுவதென்று இருவரும் முடிவுசெய்தார்கள்.

அவர்கள் கிளம்பிய அன்று காலை பத்து மணிக்கு, ஸ்டுடியோ ஜன்னலிலிருந்து தவசி பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எபனேசர் பெட்டியை மேலே ஏற்றப் போயிருந்தான். பக்கத்தில் ஒரு நீலம் அசைந்துகொண்டு நின்றது, அதன் காலடியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு ரெக்சின் பை. தவசி படியிறங்கி, ரோட்டைக் கடந்து, அவள் முன்னால் போய் நின்றான்.

"போட்டோக்கார அண்ணன்தானே?"

"ஆமாம்மா."

"வீட்டுக்கு வாரேன்னு சொன்னீகளாமே."

"வர முடியல."

"சரி, இப்ப வந்திருக்கீக. என்னன்னு சொல்லுங்க. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

தவசி தலையைத் தூக்கிப் பார்த்தான். நீலம் அலைந்தது, அதற்கு மேலே ஒரு மாநிறம் அலைந்தது, அதற்குள் எங்கோ இரண்டு கருமை மிதந்தன. அந்த இமைகளின் ஒவ்வொரு முடியையும் அவன் பார்த்திருந்தான். அவை எங்கே இருக்கும் என்று இந்த உலகத்தில் யாரையும்விட அவனுக்குத் தெரியும். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினான். மூன்றில் புருவத்துக்கு நடுவே சுரீரென்றது, பிடரிவரை இழுத்தது. முந்தின சாயங்காலம்தான் வீரபாகு கடைவீதியில் காரை நிறுத்திக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், அந்த அரைமணியும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினான். இப்போது நாலாவதை எண்ண முடியவில்லை. பார்வை கீழே இறங்கி அந்த ரெக்சின் பையில் நின்றது. பையின் ஜிப் தெளிவாக இருந்தது, அதன் ஒவ்வொரு பல்லும் தெரிந்தது.

"மன்னிச்சிரும்மா" என்றான்.



"பையிட்ட சொல்லுதீகளே, அண்ணே" என்றாள்.

கண்டக்டர் விசிலடித்தார். எபனேசர் வந்து, பையை எடுத்துத் தோளில் போட்டு, ரத்தமாகச் சிவந்த கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினான், அவள் ஏறினாள். "ஒரு ஆளா?" என்று கேட்ட கண்டக்டரிடம் "ரெண்டு" என்று எபனேசர் சொல்வது கேட்டது. "ரெண்டாவது ஆளு எங்க?" என்று கேட்டதும் கேட்டது. பை இருந்த தரையைப் பார்த்தபடியே தவசி நின்றான். பஸ் உறுமித் திரும்பி, மருந்துக்கடையைத் தாண்டி, தேரடி முக்கைக் கடந்த பிறகுதான் தலையைத் தூக்கினான். அப்போது அவன் கண்ணில் வலி துளியும் இல்லை.